ஆள் இல்லை என்றது மீட்டர்

அத்தியாயம் 9

“சார், எங்க சாச்சி செத்துட்டாவளாம். கரண்ட் கம்பெனி எழுதிருக்கு.”

சஃபீனா ஈரக் குடையைக் கதவில் மாட்டிவிட்டு, மடித்த காகிதமொன்றை மேஜைமேல் வைத்தாள்.

“எப்போ?” என்றான் ஆதித்யன்.

“போன டிசம்பர் இருபது. ஆனா இன்னிக்குக் காலைல எனக்கு டீ போட்டுக் குடுத்தாவ. நல்லாத்தான் இருந்துச்சு. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி.”

ஆதித்யன் காகிதத்தைப் பிரித்தான். சாவு என்றெல்லாம் அதில் இல்லை. கம்பெனிகள் அப்படி எழுதுவதில்லை. தாராவி ஹாஜி சால் ஒண்டுக்குடித்தனக் கட்டடம், மூன்றாவது மாடி, அறை எண் 14, நுகர்வோர் அக்தர் பானு. டிசம்பர் 20 முதல் ஆறு மாதமாகப் பயன்பாடு பூஜ்ய யூனிட். எனவே இது ஆளில்லாத இணைப்பு. ஆட்சேபம் இருந்தால் குறைதீர் மன்றத்தில் நாளைக் காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து சொல்லவும். ஆளே இல்லை என்று சொல்லிவிட்டு நேரில் வரச் சொல்லும் துணிச்சல் தென்கடல் பவர் கம்பெனிக்குத்தான் உண்டு.

“இணைப்பு போனா போறது, மறுபடி வாங்கிக்கலாமே.”

“சார், எங்க சால் கட்டடத்தை இடிக்கப் போறாங்க. மாத்து வீடு லிஸ்ட்ல பேர் வரணும்னா அந்த ரூம்ல ஆள் குடியிருக்குன்னு கரண்ட் பில் காட்டணும். ஆளில்லாத ரூம்னு கம்பெனி எழுதிட்டா சாச்சிக்கு வீடு கிடையாது. அவ்வளவுதான், காலி.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“அதான் சார் புரியல. ‘விடும்மா, ஆனது ஆவட்டும்’ங்காவ. நோட்டீஸை அரிசி டின்னுக்கு அடில வச்சிருந்தாவ. நான்தான் திருடிட்டு வந்தேன்.”

வீடு போகப்போகிறவள் ‘விடும்மா’ என்கிறாள். அந்த ஒரு வார்த்தையை ஆதித்யன் மனதில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

ஆதித்யன் பதினோரு வருஷம் மின் கம்பெனியில் திருட்டுப் பிடிக்கும் பிரிவில் இருந்தவன். மும்பையில் கணவனைச் சந்தேகிப்பவர்களைவிட மீட்டரைச் சந்தேகிப்பவர்கள் அதிகம் என்று கணக்குப் போட்டு, வேலையை விட்டுவிட்டு மாட்டுங்காவில் சொந்தமாகத் துப்பறிய உட்கார்ந்தான். கணக்கு சரிதான். அப்படிச் சந்தேகிப்பவர்கள் ஃபீஸ் கொடுக்கமாட்டார்கள் என்பது மட்டும் கணக்கில் விட்டுப்போயிற்று. முன் அறை ஆபீஸ், பின் அறை வீடு. மூன்று வருஷத்துக்கு முன் மனைவி பிரபாவதி இரண்டு பெட்டிகளோடு புணேவுக்குப் போனதிலிருந்து பின் அறைக்கு அவன் தூங்குவதற்கு மட்டும்தான் போகிறான். சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்ட சஃபீனா உதவியாளராகச் சேர்ந்த பிறகுதான் அந்த வீட்டில் காலை வேளைகளில் மனிதக் குரல் கேட்கிறது. அதுவும் பெரும்பாலும் அவனைத் திட்டும் குரல்.

“குடையை எடு. செம்பூர் போறோம்.”

---

குறைதீர் மன்றம் முழுச் சுதந்திரமுள்ள அமைப்பு. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி அது. ஆகவே கம்பெனிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், கம்பெனி நாற்காலியில், கம்பெனி ஏசியில் உட்கார்ந்து அது சுதந்திரமாகத் தீர்ப்புச் சொல்லும். அதே மாடியின் கடைசிக் கவுண்ட்டரில் பைசான் இருந்தான். ஆதித்யனோடு ஒரு காலத்தில் வேலை பார்த்தவன். பிரமோஷனுக்குப் பயந்து பத்து வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறான்.

“பூரா பில்டிங்குக்கும் ஒரு வருஷ ரீடிங் வேணும், பைசான். அரைமணிக்கு ஒரு தடவை ஸ்மார்ட் மீட்டர் அனுப்பறதே, அது. வழக்குக்காரங்க கேட்டா கொடுக்கணும்னு விதி இருக்கு.”

“விதி தெரிஞ்சவங்க வந்தாலே எனக்கு தலை வலிக்குது சார். தாரேன். ஆனா பேர் தரமாட்டேன். பிரைவசி. ரூம் நம்பர் மட்டும்தான்.”

“ரூம் கதவுல பேர் எழுதியிருக்குமே காக்கா?” என்றாள் சஃபீனா. அவள் ஊரில் அண்ணனுக்குக் காக்கா.

“அது கதவோட பிரச்சினை.”

இருபத்து நாலு அறை, இருபத்து நாலு தாள். கான்டீன் பெஞ்சில் பரப்பி வைத்தார்கள். ஒவ்வொரு தாளிலும் ஒரு கோடு. மின்சாரம் அதிகம் செலவானால் ஏறும், குறைந்தால் இறங்கும். பதினாலாம் அறையின் கோடு டிசம்பர் இருபது வரை ஏறி இறங்கிவிட்டு அப்புறம் படுத்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை.

“டிசம்பர் இருபது என்ன ஆச்சு?”

“சாச்சி இங்கதான், செம்பூர்ல, மக ரஷீதா வீட்டுக்கு வந்தாவ. நவம்பர்ல ஒருநா மயக்கம் போட்டு விழுந்தாவல்லா, அதனால. ஆனா ஜனவரி பதினொண்ணு திரும்பிட்டாவ. அன்னிக்கு ஊர்ல சொந்தக்காரங்க கல்யாணம். நான் கிளம்பும்போது அவுக ஆட்டோ வந்து நின்னுச்சு. மணி ரெண்டே முக்கால். நான்தான் பையைத் தூக்கிட்டு மாடி ஏறினேன். அதுலேர்ந்து அங்கதான் இருக்காவ. டெய்லி டீ குடிக்கேன் சார். அந்த டீ கரண்ட் அடுப்புலதான் கொதிக்குது. கரண்ட் இல்லாமக் கொதிச்சா அதுக்கு விஞ்ஞானிங்கதான் வரணும்.”

“அப்போ அந்தக் கரண்ட் வேற யாரோ மீட்டர்ல ஓடறது.”

மிச்சமிருந்த தாள்களை அவன் ஒவ்வொன்றாகத் தள்ளினான். குடும்பங்களின் கோடுகள் காலையிலும் இரவிலும் முண்டியடித்தன. இருபத்திரண்டாம் அறைத் தாளில் அவன் விரல் நின்றது.

“இது தனி ஆள்.”

“எப்படி?”

“அடுப்பு மத்தியானம் ஒரு தடவைதான் ஏறறது. ராத்திரிக்கு ஏறவே இல்லை. மத்தியானம் மிஞ்சினதுதான் ராத்திரிக்கு. அப்புறம் விளக்கு, விடியவிடிய எரியறது. தனியா இருக்கறவங்கதான் இப்படி.”

“இது கம்பெனி டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்ததா சார்?”

“இல்லை.”

சஃபீனா வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லுவாள். இந்தத் தடவை டீயை மட்டும் குடித்தாள். அது அவனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

“இதைப் பார்,” என்று பேச்சை மாற்றினான். “நடுவுல ஒரு மாசம் மட்டும் எல்லாம் தலைகீழா இருக்கு. விடிகாலை நாலரை மணிக்கு அடுப்பு ஏறறது. மத்தியானம் ஏறவே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி ஏறறது. மீட்டர் கடிகாரம் பழுதோ? இல்ல, இட்லிக் கடைக்கு மாவு ஏதாவது…”

சஃபீனா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். விரல்விட்டு எண்ணினாள். பிறகு, கான்டீன்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

“பிப்ரவரி பத்தொம்பதுலேர்ந்து மார்ச் இருபது. சரியா முப்பது நாளு. சார், நீங்க பெரிய டிடெக்டிவ்தான், ஆனா பக்கத்து வீட்டுல பாய் யாரும் இல்லபோல. இது ரமலான் மாசம். நாலரைக்கு ஏறுதது ஸஹர் சாப்பாடு. விடியுததுக்கு முன்ன நோன்புக்காரங்க சாப்பிடுதது. சாயங்காலம் நோன்புக் கஞ்சி. இருபத்திரண்டாம் ரூம்காரரு முப்பது நோன்பும் பிடிச்சிருக்காரு.”

“நல்ல பக்திமான். யாரு அவர்?”

“கணேசபாண்டியன் அண்ணாச்சி.”

---

ஹாஜி சாலின் மாடிப்படியில் பகலிலும் டார்ச் வேண்டும். இருபத்திரண்டாம் அறைக் கதவில் பெயர் பெயின்ட்டில் கம்பீரமாக இருந்தது. கீழே பூட்டு. பூட்டில் துரு. துருவுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மளிகை மொத்த வியாபாரி கணேசபாண்டியன் இரண்டு வருஷத்துக்கு முன்பே சான்பாடாவில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோய்விட்டார் என்பது சாலில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

சஃபீனா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணாச்சி, ஹாஜி சால் கரண்ட் விசயமாப் பேசுதேன். நீங்க இப்பமும் இருபத்திரண்டாம் ரூம்லதானே இருக்கிய?”

“பின்ன? எங்க போவேன்? இப்பத்தான் குளிச்சுட்டு வெளிய வந்து வாசல்ல நிக்கேன்.”

சஃபீனா சிலந்தியைப் பார்த்தாள்.

“வாசல்ல வேற யாரும் நிக்காங்களா அண்ணாச்சி?”

“ஒருத்தரும் இல்லியே.”

“நல்லாப் பாருங்க. நீலச் சட்டை போட்ட சார் ஒருத்தரு. பக்கத்துல கொடை பிடிச்சு ஒரு பொண்ணு. அழகா இருப்பா.”

எதிர்முனையில் அண்ணாச்சி இருமினார்.

“சரி, நோன்பெல்லாம் எப்படிப் போச்சு? முப்பதும் விடாமப் பிடிச்சியளாமே.”

“யாருளா நீ? கந்தசஷ்டிக்கே நான் மூணாம் நாளு இட்லி தின்னவன்! நோன்பாம்ல, நோன்பு!” லைன் அறுந்தது.

“வாக்குமூலம் கிடைச்சாச்சு,” என்றாள் சஃபீனா. “இப்ப என்ன?”

“உலகத்திலேயே பழைய பரிசோதனை. நீ பதினாலுல மெயின் ஸ்விட்சை அணை. நான் கீழே மீட்டர் பலகையில பார்க்கறேன். எந்தக் கண்ணு மூடறதோ, அதுதான் உங்க சாச்சியோட மீட்டர்.”

கீழே, படிக்கட்டுக்கு அடியில், இருபத்து நாலு மீட்டர்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. கரண்ட் ஓடும் மீட்டர்களில் சிவப்புப் பொட்டு சிமிட்டியது. 14 தூங்கியது. 22 சுறுசுறுப்பாகச் சிமிட்டியது. மேலேயிருந்து சஃபீனாவின் குரல், “அணைக்கேன் சார்!”

22 கண்ணை மூடியது.

“போடு!”

22 விழித்தது.

ஒயர் இரண்டும் மாறியிருக்கிறது. அக்தர் பானு எரிக்கும் ஒவ்வொரு விளக்கும் கணேசபாண்டியன் பேரில் எரிகிறது. பூட்டிய அறைக்கு ஆள் வந்துவிட்டது. ஆள் இருக்கும் அறை பூட்டியதாகிவிட்டது. மாற்று வீடு யாருக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

சஃபீனா இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தாள். “அண்ணாச்சிதான்! ரூமைத் தக்கவைக்க ஒயரை மாத்திருக்காரு. நாளைக்கு மன்றத்துல வச்சு வேட்டியை உருவுதோம்.”

“இரு.”

ஆதித்யன் இருபத்திரண்டின் தாளைச் சுவரில் வைத்து டார்ச் அடித்தான். அதுவரை படுத்துக்கிடந்த கோடு முதன்முதலில் எழுந்த இடம். ஜனவரி பதினொன்று, பிற்பகல் மூன்று மணி.

“நீ பையைத் தூக்கிண்டு மாடி ஏறினது எத்தனை மணி?”

“ரெண்டே முக்கால்.”

“அவங்க வந்து முதல் விளக்கைப் போடும்போதே ஒயர் மாறியாச்சு. பதினாலுல ஒரு யூனிட்கூட ஓடலை. ஒரு நிமிஷம்கூட. அவங்க வரப்போற நாள் அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்? சால்லயே இருக்கற உனக்கே ஆட்டோவைப் பார்த்துதானே தெரிஞ்சுது.”

சஃபீனா தாளை வாங்கி மணியைத் தானே ஒரு தடவை பார்த்தாள்.

“அவங்க வருவாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்,” என்றான் ஆதித்யன்.

---

அக்தர் பானுவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அறையில் ஒரு கட்டில், ஒரு தையல் மெஷின், ஒரு கரண்ட் அடுப்பு. மேலே ஒரு ட்யூப்லைட், பகலிலும் எரிந்தது. ஆதித்யன் தாள்களைக் கட்டில்மேல் வைத்ததும் அவள் எதையும் மறுக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“நாந்தான் ஒயரை மாத்தச் சொன்னேன். மீட்டர் மாட்ட வார காண்ட்ராக்ட் பையன் நாகராஜ்கிட்ட. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். நான் அழுதேன். அண்ணாச்சிக்கு போன் போட்டேன், அவரும் சரின்னாரு. அவருக்கு ரூம்ல ஆள் இருக்கமாதிரி ஆச்சு. எனக்கு இல்லாதமாதிரி ஆச்சு. அவர் பில்லை மாசாமாசம் நாந்தான் கட்டுதேன்.”

“இல்லாத மாதிரி ஆகி உங்களுக்கு என்ன லாபம் சாச்சி?” சஃபீனாவின் குரலில் முதல் தடவையாக வேடிக்கை இல்லை.

“தப்ரேஸுக்கு.”

தப்ரேஸ் அவள் மகன். ஷார்ஜாவில் வேலை; ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம். ஸ்மார்ட் மீட்டர் வந்தபோது அவன் போன் நம்பரைத்தான் கொடுத்தாள். அன்றிலிருந்து கம்பெனியின் ஆப் வழியாக அரைமணிக்கு ஒரு தடவை உம்மாவின் வீடு அவன் கைக்குள் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு யூனிட் ஓடினால் மூன்று மணிக்கு போன் வரும், ஏன் தூங்கலை என்று. நவம்பரில் அவள் மயங்கி விழுந்தது தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று குதித்தான். அக்கா வீட்டுக்குப் போனால்தான் நிம்மதி என்றான். போனாள்.

“ரஷீதா வீட்டுல என்னம்மா ஆச்சு?” என்றான் ஆதித்யன்.

“ஒண்ணும் ஆகல தம்பி. மருமகன் நல்லவரு. யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அதான் சொல்லுதேன், யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசல. இருபத்திரண்டு நாளு. நான் ஹால்ல உக்காந்திருப்பேன், அவங்க என்னைத் தாண்டித் தாண்டிப் போவாங்க. ஒருநா, நான் வீட்டுக்குப் போறேன்னேன். ரஷீதா ‘சரிம்மா’ன்னா. உடனே சொல்லிட்டா. கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லிருக்கலாம்.”

அவள் பக்கத்திலிருந்த தையல் மெஷின் சக்கரத்தை ஒரு தடவை சுற்றிவிட்டாள்.

“தப்ரேஸ்கிட்ட இன்னும் அக்கா வீட்டுலதான் இருக்கேன்னு சொல்லிட்டிருக்கேன். இங்க யூனிட் ஓடினா தெரிஞ்சுருமே. வீடியோல கூப்பிட்டா கேமரா கெட்டுப்போச்சும்பேன். ரஷீதாவும் எதுக்கு வம்புன்னு சொல்லாம இருக்கா. தம்பி, வேலையை விட்டுட்டு வந்தா அவன் வாழ்க்கை போச்சு. அதுக்கு நான் இல்லாம இருந்துட்டுப் போறேன்.”

“தினம் டீ குடிச்சேனே சாச்சி,” என்றாள் சஃபீனா. “எங்கிட்டகூடவா?”

“நீ கத்துவே.”

“கத்தத்தான் செய்வேன்!”

ஆதித்யன் பதினோரு வருஷத்தில் நூற்றுக்கணக்கான மீட்டர்களைப் பிடித்திருக்கிறான். மெதுவாக ஓட வைத்தவர்கள், காந்தம் வைத்தவர்கள், அரசியல்வாதி போஸ்டரை ஒட்டி மறைத்தவர்கள். கரண்டைத் திருடாமல், தன்னை மட்டும் திருடிக்கொண்ட கேஸ் இதுதான் முதல்.

“அம்மா, உள்ளதைச் சொல்லிடறேன். ஓடின யூனிட்டுக்கெல்லாம் பணம் கட்டியிருக்கீங்க, அதனால திருட்டு ஆகாது. மீட்டர் சீல் பிரிச்சது தப்பு, அபராதம் வரும். நீங்க இங்கதான் இருந்தீங்கன்னு நிரூபிக்க அந்த முப்பது நாள் நோன்பே போதும், மன்றம் மறுக்க முடியாது. ஆனா அதுக்கு ஒயரை நேராக்கணும். நேராக்கின அரைமணியில உங்க பிள்ளை போன்ல பதினாலாம் நம்பர் ஓட ஆரம்பிக்கும். வீட்டைக் காப்பாத்தினா இந்த ரகசியம் போயிடும். ரகசியத்தைக் காப்பாத்தினா வீடு போயிடும். நாளைக்குப் பதினோரு மணி. நான் எதை எழுதட்டும்?”

அவள் தாளைக் கையில் எடுத்தாள். கோட்டைப் படிக்க அவளுக்குத் தெரியாது. ஆனாலும் விரலால் தடவினாள்.

“இதுல எது ஸஹர்?”

சஃபீனா காட்டினாள். முப்பது சின்ன மேடுகள்.

“ஒத்தையாத்தான் எந்திரிச்சேன் முப்பது நாளும். ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “எழுதுங்க தம்பி. நான் சொல்லித்தான் செஞ்சான்னு எழுதுங்க, நாகராஜ் மேல பழி வரப்படாது. புளுகிப் புளுகி எனக்கு நாக்கே தடிச்சுப்போச்சு.”

---

பைசானுக்குப் போன் செய்ததில், சோதனைக்கு உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னான். தாராவிப் பகுதிக்கு அன்றைய டியூட்டி ஆள் ஒருவர்தான். நாகராஜ் ரெயின்கோட்டில் வந்து நின்று, ஆதித்யனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், கம்ப்ளைன்ட்டைப் பார்த்தேன். இந்த ஒயரை எந்த முட்டாள் இப்படி மாத்தினான்னு…”

“எங்களுக்குத் தெரியும் தம்பி,” என்றாள் சஃபீனா. “நீ நேராக்கு. திட்டுததை நான் பாத்துக்கிடுதேன்.”

பழைய சீல், புது சீல், சாட்சிக் கையெழுத்து, போட்டோ, எல்லாம் விதிப்படி. இருபது நிமிஷம். அக்தர் பானு மேலே போய் ஸ்விட்சைப் போட்டாள். ஆறு மாதம் தூங்கிய 14 ஒரு தடவை சிமிட்டியது. கொஞ்சம் யோசித்தது. மறுபடி சிமிட்டியது.

ஆதித்யன் அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். மாட்டுங்காவில் அவன் பின் அறை விளக்கு விடியவிடிய எரிந்தாலும் சரி, ஒரு மாதம் எரியாமலே கிடந்தாலும் சரி, மூன்று மணிக்கு போன் செய்து ஏன் என்று கேட்க உலகத்தில் ஒருத்தரும் இல்லை. துப்பறிவாளனுக்கு வசதியான நிலைமைதான்.

“வாங்க சார், டீ போடுதாவ,” என்று சஃபீனா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தபோது கட்டில்மேல் கிடந்த போன் அதிர்ந்தது. திரையில் பெயர். அக்தர் பானு அதை எடுக்கவில்லை. மெத்தைமேல் அது நடுங்கிக்கொண்டே நகர்வதைப் பார்த்தாள். நின்றது. உடனே மறுபடி. இந்தத் தடவை வீடியோ.

சஃபீனா அடுப்பின் சூட்டைக் குறைத்தாள்.

அக்தர் பானு முந்தானையைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு, கேமராவில் முகம் தெரியும்படி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“என்னடா… ஆமா, நம்ம வீட்டுலதான்.” எதிர்முனையில் கேள்வி நீளமாக வந்தது. அவள் கேட்டுக்கொண்டே அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். “ஜனவரிலேர்ந்து. வையாதே, மொதல்ல கேளு.”

பிறகு அவள் குரல் இறங்கியது.

“ஆமாடா. தனியாத்தான்.”